சி60 ப்ராஜெக்ட் எடுத்திருக்கீங்களா? ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

என் எம்.எஸ்சி ப்ராஜெக்ட் கேக்கறதுக்கு ரொம்ப சிம்பிளா இருக்கும். பந்து மாதிரி இருக்கிற கார்பன் மூலக்கூறு, அதாவது ஃபுல்லரீன், அதுல சி60-ஐ (60 கார்பன் அணு இருக்கிறது) வாங்கி நாலஞ்சு கருவியில கொடுத்து அது நெஜமாவே பந்து தானான்னு காட்டணும், அவ்வளவு தான். புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், எதையும் தயாரிக்க வேண்டாம், காலம் குரோமடோகிராஃபி ஓட்டி சுத்தம் பண்ண வேண்டாம், ரெண்டு மாசத்துல முடிச்சிட்டு வேலை தேட ஆரம்பிச்சிடலாம்னு கணக்கு போட்டேன். வைவாக்கு (வாய்மொழித் தேர்வு) நாலு நாள் முன்னாடி தான் கடைசி ஸ்பெக்ட்ரம், அதாவது கருவி தர்ற வரைபடம், கைக்கு வந்துச்சு. என்னை இழுத்தடிச்சது கெமிஸ்ட்ரி இல்லைங்க, ஃபாரம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஃபாரம், ஒவ்வொரு ஃபாரத்துலயும் ரெண்டு மூணு சின்ன கட்டம், அந்த கட்டத்துல என்ன எழுதணும்னு பந்தோட வடிவம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் தான் தெரியும். நான் வடிவத்தை கடைசியா படிச்சுக்கலாம்னு விட்டுட்டு ஃபாரத்தை முதல்ல நிரப்பினேன். நீங்க அதை அப்படியே தலைகீழா பண்ணுங்க.

1. முதல் நாளே சார்ட் பேப்பர்ல பந்தை செஞ்சிடுங்க

சிரிக்காதீங்க. ரெண்டு சார்ட், ஒரு ஃபெவிகால், ஒரு ஞாயித்துக்கிழமை மதியம். செலவு நூறு ரூபாய்க்குள்ள. இந்த ப்ராஜெக்ட்ல நான் செலவு பண்ணினதுலயே உருப்படியான காசு இது தான்.

நாலு செ.மீ. விளிம்பு வச்சு 20 அறுகோணம் வெட்டிக்கோங்க, ஒட்டறதுக்கு ஓரத்துல கொஞ்சம் விட்டு. ஐங்கோணம் வெட்டவே வேண்டாம், அது தானா ஓட்டையா வந்து நிக்கும். ஒரு அறுகோணத்துக்கு ஆறு விளிம்புல ஒண்ணு விட்டு ஒண்ணு இன்னொரு அறுகோணத்தோட ஒட்டுங்க, நடுவுல இருக்கிற மூணு விளிம்பை சும்மா விடுங்க. முதல்ல அஞ்சு அறுகோணத்தை வட்டமா ஒட்டினீங்கன்னா நடுவுல ஐங்கோண ஓட்டை விழும், அந்த நிமிஷமே பேப்பர் கிண்ணம் மாதிரி வளைஞ்சுக்கும், நீங்க வளைக்க வேண்டிய அவசியமே இல்ல. (அந்த கிண்ணத்தோட விளிம்புல ஹைட்ரஜன் போட்டா அதுக்கு கொரான்னுலீன்னு தனிப் பேரே இருக்கு.) அப்புறம் அஞ்சு, அஞ்சு, கடைசியா மூடி மாதிரி அஞ்சு. முடிஞ்சதும் கிட்டத்தட்ட 20 செ.மீ. குறுக்களவு, வாலிபால் சைஸ்ல கையில இருக்கும்.

இப்ப எண்ணுங்க. நெறைய பேர் சறுக்கற இடம் இது: ஃபுட்பால் படத்தை பார்த்துட்டு கட்டத்தை அணுன்னு நெனச்சுக்கறது. கட்டம் 32 தான் (12 ஐங்கோணம், 20 அறுகோணம்). அணு இருக்கிறது தையல் சேர்ற முனையில. முனை 60, விளிம்பு 90. 60-ல 90-ஐ கழிச்சு 32-ஐ கூட்டினா 2 வரணும், வரலைன்னா எங்கயோ தப்பா ஒட்டியிருக்கீங்க.

எந்த முனையை வேணா தொட்டுப் பாருங்க, எல்லாத்துலயும் ஒரு ஐங்கோணமும் ரெண்டு அறுகோணமும் தான் சேரும். 60 முனையும் அச்சு அசல் ஒரே மாதிரி. இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சுன்னா பின்னாடி வர்ற பாதி ஃபாரம் தானா நிரம்பிடும். ஆனா விளிம்பு ரெண்டு வகை: அறுகோணமும் அறுகோணமும் சேர்றது 30, ஐங்கோணமும் அறுகோணமும் சேர்றது 60. முதல் வகை சுமார் 1.39 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டர்ல ஆயிரம் கோடில ஒரு பங்கு), டபுள் பாண்ட் குணம் அதுல தான் ஜாஸ்தி. ரெண்டாவது சுமார் 1.45, சிங்கிள் பக்கம். ஸ்கெட்ச் பேனாவுல அந்த 30-ஐயும் சிவப்பு பண்ணிடுங்க. ஐங்கோணத்துக்குள்ள டபுள் பாண்ட் போட்டு படம் வரைஞ்சா வைவால மாட்டுவீங்க, என் பக்கத்து பெஞ்ச் பையன் மாட்டினான்.

இன்னொண்ணு. தட்டையான கிராஃபைட்ல ஒரு அணுவைச் சுத்தி கோணம் 360. இங்க 108, 120, 120, மொத்தம் 348, அணுவுக்கு 12 டிகிரி கம்மி. 60 அணுவுக்கு 720. மூலக்கூறு எடையும் 720! ரெண்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, தற்செயல் தான், ஆனா ஞாபகம் வச்சுக்க இதை விட சுலபமான வழி எனக்கு கிடைக்கல.

மாடல் கிட்ல செய்யலாம்னு போகாதீங்க. சாதா கிட்ல தட்டையான மூணு கால் இணைப்பு 60 இருக்காது, இருந்தாலும் அம்பதாவது அணுகிட்ட வரும்போது முதல்ல மாட்டினது படக்குன்னு கழண்டு விழும்.

2. ஆர்டர்: பேர் போதாது, சிஏஎஸ் நம்பர் எழுதுங்க

இண்டென்ட்ல (ஆஃபீஸுக்கு கொடுக்கற கொள்முதல் கோரிக்கை) வெறும் "ஃபுல்லரீன்"னு எழுதினா விக்கறவங்க கலவையோட விலையையும் அனுப்புவாங்க, அதுல சி60-யும் சி70-யும் சேர்ந்தே இருக்கும். விலை கம்மியா இருக்கும், ஆஃபீஸ்ல கம்மி விலைக்கு தான் கையெழுத்து விழும், வந்தது கலவைன்னு உங்களுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரத்துல (மூலக்கூறு எடையைக் காட்டற வரைபடம்) 840-ல, அதாவது சி70-ஓட எடையில, ஒரு பீக்கை (உயர்ந்து நிக்கற கோடு) பார்க்கும்போது தான் தெரியும். அதனால சி60-க்கு 99685-96-8 அப்படிங்கற சிஏஎஸ் நம்பரை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் இருக்கிற தனி அடையாள எண்) இண்டென்ட்ல, கொட்டேஷன் கேக்கற மெயில்ல, பர்ச்சேஸ் ஆர்டர்ல மூணு இடத்துலயும் போடுங்க. கூடவே தூய்மை 99.5 சதவீதம்னு எழுதுங்க. 99.9 தேவையே இல்ல, அமைப்பைப் பார்க்கறதுக்கு அந்த அதிகப்படி காசு வீண்.

அளவு 100 மி.கி. போதும். எங்களுக்கு வந்த மூணு கொட்டேஷன்ல கம்மிக்கும் ஜாஸ்திக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம் இருந்துச்சு, அதனால ஒரே ஒரு கொட்டேஷனை நம்பி உக்காராதீங்க. ஜிஎஸ்டியும் கூரியரும் உள்ளயா வெளியவான்னு பாருங்க. கொட்டேஷனோட செல்லுபடி தேதியையும் பாருங்க, எங்க ஃபைல் ஒவ்வொரு மேஜையா நகர்ந்து முடியறதுக்குள்ள முப்பது நாள் தாண்டிடுச்சு, மறுபடி புது கொட்டேஷன், மறுபடி கையெழுத்து. ஸ்டாக் இங்க இருக்கா வெளிநாட்டுல இருந்து வரணுமான்னு வாய்விட்டுக் கேளுங்க. எனக்கு வர ஏழு வாரம் ஆச்சு.

பாட்டில் வந்ததும் கூட வர்ற ரெண்டு காகிதத்தை தூக்கிப் போட்டுடாதீங்க. ஒண்ணு சேஃப்டி டேட்டா ஷீட், வெளி லேப்ல சாம்பிள் கொடுக்கும்போது கேப்பாங்க. இன்னொண்ணு அனாலிசிஸ் சர்டிஃபிகேட், லாட் நம்பரோட. தீசிஸ்ல தூய்மை பத்தி எழுதற ஒரு வரிக்கு அது தான் ஆதாரம். நான் ரெண்டையும் அட்டைப் பெட்டியோட சேர்த்து குப்பையில போட்டுட்டு அப்புறம் டீலர்கிட்ட கெஞ்சி வாங்கினேன்.

3. கரைக்காம பார்க்கற டெஸ்ட்டை முதல்ல முடிங்க

பாட்டிலைத் திறந்ததும் கை அரிக்கும், அந்த ஊதா கலரைப் பார்க்கணும்னு. பொறுங்க. எக்ஸ்ஆர்டிக்கு (படிகத்தோட அடுக்கை எக்ஸ்ரேயால பார்க்கற டெஸ்ட்) பொடி அப்படியே போகும், அப்படியே திரும்பி வரும், ஃபாரத்துல "சாம்பிள் திருப்பித் தரவும்"னு எழுதினா போதும். நான் முதல்ல டொலுவீன்ங்கற சால்வென்ட்ல (கரைப்பான்) கரைச்சு, அப்புறம் ஆவியாக்கி எடுத்த பொடியை எக்ஸ்ஆர்டிக்கு கொடுத்தேன், முதல் பீக்கோட இடது பக்கம் ஒரு தோள் தூக்கிக்கிட்டு வந்துச்சு. அடுக்கு பிசகியிருக்கலாம், சால்வென்ட் உள்ள மாட்டியிருக்கலாம். இந்தப் பந்துகளுக்கு நடுவுல நல்ல இடைவெளி இருக்கு, பென்டேன், பென்சீன் மாதிரி ஆளுங்க படிகத்துக்குள்ளயே சீட் பிடிச்சு உக்காந்துக்குவாங்க. சாம்பிள் கொஞ்சமா இருந்தா ஃபாரத்துல "ஜீரோ பேக்ரவுண்ட் ஹோல்டர்" கேளுங்க, இல்லைன்னா கண்ணாடி ஹோல்டரோட மேடு உங்க பீக்கை விழுங்கிடும்.

ஸ்கேன் எங்க ஆரம்பிக்கணும்னு ஒரு கட்டம் இருக்கும். பழக்கத்துல 20 டிகிரின்னு எழுதிடாதீங்க! காப்பர் எக்ஸ்ரே குழாய்ல சி60-ஓட முக்கியமான பீக் 10.8, 17.7, 20.8 இங்கெல்லாம் தான் வரும். 5-ல ஆரம்பிக்கச் சொல்லுங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். அறை வெப்பத்துல இந்தப் பந்துகள் எஃப்சிசி அடுக்குல (கனசதுரத்தோட மூலையிலயும் ஒவ்வொரு முகத்து நடுவுலயும் ஒரு பந்து) உக்காரும், அந்த கனசதுரத்தோட விளிம்பு 14.17 ஆங்ஸ்ட்ராம். அப்படின்னா கணக்குப்படி 12.5 டிகிரிகிட்ட "200"னு பேர் வச்ச பீக் (அந்த விளிம்புல பாதி இடைவெளி இருக்கிற அடுக்குகளோடது) வரணும். வராது, இல்லைன்னா இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு இருக்கும். நான் மெஷின் தப்புன்னு நெனச்சு திரும்ப ஓட்டச் சொல்லலாம்னு கிளம்பிட்டேன். சீனியர் அக்கா தான் "டேய், உன் பேப்பர் பந்தை எடு"ன்னாங்க. பந்தோட குறுக்களவு, அணு மையத்துல இருந்து எதிர் அணு மையம் வரைக்கும், 7.1 ஆங்ஸ்ட்ராம். 14.17-ல சரியா பாதி. வேகமா சுத்தற பந்தை மெல்லிசான ஒரு ஓடுன்னு வச்சுக்கிட்டா அதுல இருந்து வர்ற எக்ஸ்ரே சிதறல், சைன் எக்ஸை எக்ஸால வகுத்த மாதிரி போகும், 200 பீக் இருக்க வேண்டிய இடத்துல அந்த எக்ஸ் கிட்டத்தட்ட பை (3.14), அதோட சைன் பூஜ்ஜியம். பீக் காணாமப் போனதே பந்து உள்ள வெறும் கூடுங்கறதுக்கு சாட்சி. என் வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியே இது, நான் நிமிர்ந்து பதில் சொன்ன ஒரே கேள்வியும் இது தான்.

தியரி பேட்டர்ன் போட கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸ்ல சிஃப் ஃபைல் (படிகத்துல எந்த அணு எங்க இருக்குன்னு எழுதின ஃபைல்) இலவசமா தேடலாம். ஆனா அறை வெப்ப ஃபைலைத் திறந்தா பந்து குழம்பி, அணு மேல அணு ஏறி, 60-க்கு மேல இருக்கலாம். ஃபைல் கெட்டுப் போகல, பந்து சுத்திக்கிட்டே இருக்கறதால அப்படி எழுதியிருக்காங்க. படம் வரையறதுக்கு குறைஞ்ச வெப்பநிலை ஃபைலை எடுங்க, சுமார் 260 கெல்வினுக்கு கீழ அந்த சுத்தல் அடங்கிடும்.

4. ஐஆர், ராமன்

ரெண்டுமே மூலக்கூறோட அதிர்வைப் பார்க்கற டெஸ்ட், ஐஆர் அகச்சிவப்பு ஒளியால, ராமன் லேசரால. ஐஆர்ல நாலே நாலு பீக் (அலகு செ.மீ.க்கு எத்தனை அலை): 527, 576, 1183, 1429. மொத்தம் 174 அதிர்வு இருந்தும் நாலு தான் தெரியும், காரணம் பந்தோட சிம்மெட்ரி. ஃபாரத்துல "கேபிஆர் பெல்லட்"னு (பொட்டாசியம் புரோமைடோட கலந்து அழுத்தின வில்லை) எழுதுங்க, 400 வரைக்கும் எடுக்கச் சொல்லுங்க. ஏடிஆர்னு (பொடியை ஒரு படிகத்து மேல அழுத்திப் பார்க்கற முறை) எழுதி அங்க ஜிங்க் செலனைடு படிகம் இருந்துச்சுன்னா கீழ இருக்கிற ரெண்டு பீக் கிடைக்காது, பாதி விடையோட வீட்டுக்கு வருவீங்க. 2900 பக்கம் ஏதாவது தெரிஞ்சா அது உங்களோடது இல்ல, மிச்சமிருக்கிற சால்வென்ட். பந்துல ஹைட்ரஜனே கிடையாதே.

ராமன்ல பெரிய பீக் 1469. லேசர் பவரை கம்மியா வைக்கச் சொல்லி எழுதுங்க, ஜாஸ்தி ஆனா வெளிச்சத்துல பந்தும் பந்தும் ஒட்டிக்கும், பீக் 1460 பக்கம் இறங்கிடும்.

5. கரைக்கறது: மூணு பொறி

முதல் பொறி, சால்வென்ட். மெத்தனால், அசிட்டோன் எதுலயும் கரையாது. டொலுவீன்ல ஒரு மி.லி.க்கு 2.8 மி.கி., ஹெக்சேன்ல 0.04 தான். கார்பன் டைசல்ஃபைடுல நல்லா கரையும், ஆனா தீப்பிடிக்கும், நச்சு, நாத்தம், எம்.எஸ்சி லேப்ல வேண்டாம். டொலுவீனும் ஃபியூம் ஹூட்ல (புகையை உறிஞ்சற அலமாரி) தான்.

ரெண்டாவது, சூடு பண்ணினா ஜாஸ்தி கரையும்னு நம்பறது. இங்க அது உல்ட்டா. டொலுவீன்ல அறை வெப்பத்துக்கு கொஞ்சம் கீழ தான் கரைதிறன் உச்சம், சூடு ஏத்த ஏத்த குறையும். நான் அரை நாள் வாட்டர் பாத் முன்னாடி நின்னேன். சோனிகேட்டர்ல கொஞ்ச நேரம் வச்சு, ராத்திரி அப்படியே விட்டுட்டு, காலையில பிடிஎஃப்இ ஃபில்டர்ல வடிகட்டுங்க.

மூணாவது வெளிச்சம். ஆக்சிஜனும் வெளிச்சமும் சேர்ந்தா கரைசல் நாளாக நாளாக கெடும். ஆம்பர் பாட்டில், இல்ல கிச்சன் ஃபாயில் சுத்துங்க.

யூவிக்கு (கரைசல் எந்த அலைநீள ஒளியை உறிஞ்சுதுன்னு பார்க்கற டெஸ்ட்) ஒரு மில்லிகிராம் கூட வேண்டாம். ஒரு லிட்டருக்கு 14 மி.கி. கணக்குல இருந்தாலே அப்சார்பன்ஸ் ஒண்ணைத் தொட்டுடும், 50 மி.லி.க்கு 0.7 மி.கி. தான். டொலுவீன்ல 335 நானோமீட்டர் பக்கம் ஒரு பீக் தெரியும், 285-க்கு கீழ டொலுவீனே எல்லாத்தையும் குடிச்சிடும். 257 பீக்கும் வேணும்னா ஹெக்சேன்ல போடுங்க. குவெட் (கரைசலை ஊத்தி வைக்கற சின்ன சதுரக் குப்பி) கேக்கும்போது குவார்ட்ஸ்னு சொல்லுங்க. நான் அவசரத்துல டிராயர்ல இருந்த டிஸ்போசபிள் பிளாஸ்டிக் குவெட்டை எடுத்து ஊத்தினேன், பார்த்துக்கிட்டே இருக்கும்போது சுவர் பால் மாதிரி மங்கி, மூலை இளகி, என் அழகான ஊதா கரைசல் ஹோல்டருக்குள்ள இறங்கிடுச்சு. அன்னைக்கு முழுக்க டெக்னீஷியன் அண்ணாகூட உக்காந்து ஹோல்டரைத் துடைச்சேன்.

6. மாஸ்

சீக்கிரம் முடியும் டெஸ்ட். 720-ல பீக். பக்கத்துல 721-லயும் பெருசா ஒண்ணு நிக்கும், கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு உயரம். ஹைட்ரஜன் சேர்ந்துடுச்சுன்னு எழுதிடாதீங்க. கார்பன்ல சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13 (எடை ஒண்ணு கூடின கார்பன்), 60 கார்பன் இருக்கும்போது மொத்த பந்துகள்ல பாதிக்கு கொஞ்சம் மேல தான் கார்பன்-13 இல்லாததா இருக்கும். 736 தெரிஞ்சா ஒரு ஆக்சிஜன் ஒட்டியிருக்கு, வெளிச்சத்துல வச்சதுக்கு தண்டனை.

7. கார்பன் என்எம்ஆர்: காசும் மானமும் போற இடம்

இதை நிதானமா படிங்க. என்எம்ஆர்ங்கறது காந்தப் புலத்துல வச்சு எத்தனை வகை கார்பன் இருக்குன்னு பார்க்கற டெஸ்ட். 60 கார்பனும் ஒரே மாதிரின்னு பேப்பர் பந்துல பார்த்தீங்க இல்ல, அதனால ஸ்பெக்ட்ரத்துல ஒரே பீக், 143 பிபிஎம்ல. சி70 ரக்பி பந்து மாதிரி நீளமா இருக்கும், அதுல அஞ்சு பீக் வரும். இந்த ஒத்தைப் பீக் தான் பந்து வடிவத்துக்கு இருக்கிறதுலயே பெரிய ஆதாரம்.

நான் ஃபாரத்துல "கார்பன், டியூட்டரேட்டட் டொலுவீன், ரொட்டீன்"னு எழுதிட்டு வந்துட்டேன். (டியூட்டரேட்டட்னா ஹைட்ரஜனுக்கு பதிலா கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் போட்டது.) ரெண்டு வாரம் கழிச்சு பிடிஎஃப் வந்துச்சு. 137-ல தனியா, சுத்தமா ஒரு பீக். 143 எங்க 137 எங்கன்னு ஒரு நெருடல், ஆனாலும் சால்வென்ட்னால நகர்ந்திருக்கும்னு எனக்கு நானே கதை சொல்லிக்கிட்டு டிராஃப்ட்ல எழுதியும் கொடுத்துட்டேன். கைடு மேடம் சிவப்பு பேனாவுல வட்டம் போட்டு பக்கத்துல "டொலுவீன்"னு ஒரே வார்த்தை எழுதி திருப்பிக் கொடுத்தாங்க. டொலுவீன்ல மீத்தைல் ஒட்டியிருக்கிற கார்பனுக்கு டியூட்டீரியம் கிடையாது, அதனால மத்த சால்வென்ட் பீக் மாதிரி பல கோடா பிரியாம சாமியார் மாதிரி தனியா நிக்கும். நான் அதைத் தான் என் பந்துன்னு நெனச்சேன்.

என் பீக் ஏன் வரலை? பந்துல ஹைட்ரஜன் இல்ல. ஹைட்ரஜன் இல்லாத கார்பன் ரிலாக்ஸ் ஆக, அதாவது ஒரு பல்ஸ் அடிச்சப்புறம் பழைய நிலைக்கு திரும்ப, ரொம்ப நேரம் எடுக்கும், ரொட்டீன் ஓட்டத்துல ரெண்டு செகண்டுக்கு ஒரு பல்ஸ் அடிச்சா அது எழுந்திரிக்கவே இல்ல. அதனால ஃபாரத்துல இப்படி எழுதுங்க: ரிலாக்சேஷன் டிலே 20 செகண்ட் அல்லது அதுக்கு மேல, ஓவர்நைட். கார்பனுக்கு பெரும்பாலும் மணிக்கணக்குல தான் சார்ஜ், ராத்திரி ஓட்டத்துக்கு தனி ரேட் இருக்கான்னு கேளுங்க, ஸ்டூடன்ட் ரேட்டுக்கு போனஃபைட் வேணும். நேரம் குறைக்கணும்னா குரோமியம் அசிட்டைல்அசிட்டோனேட் துளி சேர்க்கலாம், ஆனா சாம்பிளைத் திரும்ப சுத்தம் பண்ண முடியாதுன்னு வச்சுக்கோங்க. டெப்ட் கட்டத்துல டிக் போடாதீங்க, அது ஹைட்ரஜன் ஒட்டின கார்பனை மட்டும் தான் காட்டும், வெறும் கோட்டுக்கு காசு கட்டுவீங்க.

0.6 மி.லி. டொலுவீன்ல 1.7 மி.கி.க்கு மேல கரையாது. கூட அள்ளிப் போட்டா அடியில கரி மாதிரி கிடக்கும், ஆபரேட்டர் டியூபை வாங்க மாட்டாங்க. டைக்ளோரோபென்சீன் டியூட்டரேட்டட் கிடைச்சா அதுல பத்து மடங்குக்கு கிட்ட கரையும், விலை ஜாஸ்தி, ஆனா ரெண்டாவது தடவை ஓட்டற காசை விட கம்மி.

8. எதை எப்போ

தலைப்பு கையெழுத்தான அன்னைக்கே கொட்டேஷன் மெயில், மத்தது அப்புறம். பாட்டில் வர்ற வரைக்கும் இருக்கிற வாரங்கள்ல பேப்பர் பந்து, சிஃப் ஃபைல், ஐ-ஸ்டெம் போர்ட்டல்ல எந்த கருவி எங்க இருக்குன்னு தேடறது, ஃபாரங்களை டவுன்லோட் பண்ணி நிரப்பி வைக்கறது. கைடு கையெழுத்து, எச்ஓடி கையெழுத்து, சீல், ஐடி கார்டு ஜெராக்ஸ், போனஃபைட், சேஃப்டி ஷீட்: ஒவ்வொண்ணும் அஞ்சு காப்பி ஒரே நாள்ல வாங்கிடுங்க, எச்ஓடி லீவுல போயிட்டா ஒரு வாரம் காலி. என்எம்ஆர் ஸ்லாட்டை பாட்டில் வர்றதுக்கு முன்னாடியே புக் பண்ணுங்க, வரிசை அதுல தான் நீளம். பணம் கட்டின ரசீது நம்பரை சாம்பிள் டியூப் லேபிள்லயும் எழுதுங்க, மார்க்கர் மை டொலுவீன்ல அழியும், அதனால பென்சில்ல எழுதி மேல டேப் ஒட்டுங்க.

எல்லாம் முடிஞ்சு எனக்கு முப்பது மி.கி. கிட்ட மிஞ்சிச்சு. ஃபாயில் சுத்தி, லாட் நம்பரோட, லேப்ல இடது பக்க டெசிகேட்டர்ல வச்சிருக்கேன். பேப்பர் பந்தும் அது மேல தான் இருக்கு, அடுத்த பேட்ச் ஆளுங்க எடுத்துக்கலாம்.